தனியார் பள்ளி ஆசிரியருக்குப் பணிக்கொடை: ஏப்ரலில் வாங்கிய ராஜினாமாக் கடிதங்கள் குறுக்கே நிற்குமா?

கணித ஆசிரியை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். டெல்டா மாவட்டம் ஒன்றிலுள்ள மெட்ரிகுலேஷன் பள்ளியில் 2010 ஜூன் முதல் வாரத்தில் சேர்ந்து, 2025 ஏப்ரல் 30 அன்று விலகினேன். கடைசி மாதச் சம்பளம் 24,000 ரூபாய். அதில் அடிப்படை ஊதியம் 18,000, மீதி வீட்டு வாடகைப்படியும் பயணப்படியும். பணிக்கொடை (கிராஜுவிட்டி) பற்றித் தாளாளரிடம் நேரில் கேட்டபோது மூன்று காரணங்களைச் சொல்லி மறுத்துவிட்டார். ஆசிரியர்கள் பணிக்கொடைச் சட்டத்துக்குள் வரமாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது என்பது முதற்காரணம். முதல் நான்கு ஆண்டுகள் ஒவ்வோர் ஏப்ரலிலும் எங்கள் எல்லோரிடமும் ராஜினாமாக் கடிதம் வாங்கிக்கொண்டு ஜூனில் புதிய நியமன ஆணை கொடுத்தார்கள். ஆகவே என் பணி தொடர்ச்சியானது அல்ல என்பது இரண்டாவது. விலகும் நாளில் ‘எனக்கு வரவேண்டிய பாக்கி எதுவும் இல்லை’ என்ற தாளில் கையொப்பமிட்டது மூன்றாவது. அந்தக் கையொப்பத்தைப் போட்டால்தான் என் அசல் சான்றிதழ்களைத் தருவோம் என்றார்கள். இவற்றில் எது நிற்கும், எது நிற்காது என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தொழிலாளர் வழக்குகள் பார்ப்பவன்

வணக்கம் அம்மா. தாளாளர் சொல்லும் தீர்ப்பு 2004-இல் வந்தது. அகமதாபாத் தனியார் தொடக்கப்பள்ளி ஆசிரியர் சங்க வழக்கில், அன்றிருந்த சட்ட வரையறைப்படி ஆசிரியர் ‘பணியாளர்’ ஆகமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் அதைச் சரிசெய்யவே நாடாளுமன்றம் 2009-இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே அந்தத் திருத்தம் செல்லும் என்றும் எழுதிவைத்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கல்வி நிறுவனங்களுக்கு இச்சட்டத்தை விரிவாக்கிய அறிவிக்கையின் தேதி அது. தனியார் பள்ளிகள் அந்தத் திருத்தத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 2022 ஆகஸ்ட் 29 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் சஞ்சீவ் கன்னா, பேலா திரிவேதி அமர்வு அது செல்லும் என்று தீர்ப்பளித்து, ஆறு வாரத்துக்குள் வட்டியுடன் கொடுக்குமாறு பள்ளிகளுக்கு உத்தரவிட்டது. இதற்குப் பிறகும் 2004-ஐக் காட்டும் நிர்வாகங்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பெரும்பாலும் அது அறியாமை அன்று.

‘பாக்கி இல்லை’ என்ற கையொப்பத்துக்கும் பெரிய மதிப்பு இல்லை. வேறெந்தச் சட்டமோ ஒப்பந்தமோ முரணாக இருந்தாலும் பணிக்கொடைச் சட்டமே மேலோங்கும் என்று அதன் 14-ஆம் பிரிவு சொல்கிறது. சான்றிதழைப் பிடித்துவைத்துக்கொண்டு வாங்கிய கையொப்பம் என்பதையும் மனுவில் மறவாமல் எழுதுங்கள்.

முன்னாள் பள்ளிக் கணக்கர்

உண்மையான வாதம் நடக்கப்போவது ராஜினாமாக் கடிதங்கள்மீதுதான். அவற்றால் உங்களுக்கு ஏற்படக்கூடிய அதிகபட்ச இழப்பு எவ்வளவு என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கடைசியாக வாங்கிய அடிப்படை ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் பணியாண்டுகளாலும் பெருக்குவதே கணக்கு; வாடகைப்படியும் பயணப்படியும் இதில் சேரா. ஆறு மாதத்தைத் தாண்டிய மிச்சக்காலம் ஓராண்டாகக் கொள்ளப்படுவதால் உங்களுக்கு 15 ஆண்டுகள். 18,000 ரூபாய்க்கு 1,55,769 ரூபாய் வருகிறது. முதல் நான்கு ஆண்டுகளை அவர்கள் வெட்டிவிட்டாலும், 2014 ஜூனிலிருந்து கணக்கிட்டால் 11 ஆண்டுகள், 1,14,231 ரூபாய். பணிக்கொடை பெறக் குறைந்தது ஐந்தாண்டு தொடர்பணி வேண்டும் என்ற நிபந்தனையை அப்போதும் தாராளமாகத் தாண்டிவிடுகிறீர்கள். ஆகவே தகராறு ஏறத்தாழ 41,500 ரூபாயைப் பற்றியதுதானே தவிர, உரிமையைப் பற்றியதே அன்று.

அந்தத் தொகையையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. பள்ளி உங்களுக்கு அனுபவச் சான்றிதழ் கொடுத்திருக்குமே, அதை எடுத்துப் பாருங்கள். நான் வேலை பார்த்த இடங்களில் அதில் ‘ஜூன் 2010 முதல் ஏப்ரல் 2025 வரை தொடர்ந்து பணியாற்றினார்’ என்றே தட்டச்சு செய்வோம். அதில் கல்வி அலுவலரின் மேலொப்பமும் இருந்தால், பணி இடையில் அறுந்தது என்று பள்ளி பிறகு வாதிடுவது கடினம். அடுத்து பி.எஃப். பாஸ்புக்: நான்கு ஆண்டும் ஒரே உறுப்பினர் எண்ணில் பணம் கட்டியிருந்தால் நிர்வாகமே உங்களைப் புதியவராகக் கருதவில்லை என்று பொருள். மே மாதம் சேர்க்கை வேலைக்கோ பாடநூல் விநியோகத்துக்கோ கூப்பிட்டிருந்தால் அந்த வருகைப்பதிவேட்டுப் பக்கத்தின் படத்தையும் தேடுங்கள். எல்லோரிடமும் ஒரே நாளில் ஒரே வாசகத்தில் கடிதம் வாங்கினார்கள் என்பதே, அது மனமுவந்து கொடுத்த விலகல் அன்று என்பதைக் காட்டிவிடும்.

சிறு பள்ளி நிர்வாகி

நிர்வாகத் தரப்பிலிருந்து ஒன்று சொல்கிறேன். கட்டணத்தை அரசுக் குழு நிர்ணயிக்கிறது, கல்வி உரிமைச் சட்டச் சேர்க்கைக்கு அரசு தரும் தொகை தாமதமாக வருகிறது. ஒரே ஆண்டில் இரண்டு மூத்த ஆசிரியர்கள் விலகினால் எங்களைப் போன்ற பள்ளிகள் திணறுவது மெய். ஆனால் அதற்கு வழி, எல்.ஐ.சி.யின் குழுப் பணிக்கொடைத் திட்டம்போன்ற ஒன்றில் ஆண்டுதோறும் கட்டிவருவதுதான். ஏப்ரல் கடிதம் அன்று.

இனி அந்த உத்தியே திருப்பியடிக்கும். பழைய பணிக்கொடைச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின்படி, குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஓராண்டு முடிந்தாலே பணிக்கொடை உண்டு. ஆண்டுக்கு ஆண்டு புதிய ஒப்பந்தம் போட்டு ஐந்தாண்டைத் தவிர்க்க நினைத்த பள்ளி, இப்போது ஒவ்வோர் ஆண்டும் கொடுக்கவேண்டியவர்களின் பட்டியலைத் தானே தயாரிக்கிறது. ஊதியத்தின் வரையறையும் மாறிவிட்டது. படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதி ஊதியத்தோடு சேரும். 24,000 ரூபாயில் அடிப்படையை 9,000 என்று மட்டும் காட்டும் பள்ளிக்கு, இனி கணக்கு 12,000-இல்தான் தொடங்கும். ஆசிரியை அவர்கள் அதற்கு முன்பே விலகியிருப்பதால் அவருக்குப் பழைய சட்டமே பொருந்தும்.

கணித ஆசிரியை

மிக்க நன்றி. அனுபவச் சான்றிதழில் ‘தொடர்ந்து’ என்ற சொல்லும் மாவட்டக் கல்வி அலுவலரின் மேலொப்பமும் இருக்கின்றன. இதுவரை வாய்மொழியாக மட்டுமே கேட்டிருக்கிறேன். காலம் கடந்துவிட்டதா?

தொழிலாளர் வழக்குகள் பார்ப்பவன்

பணிக்கொடை கேட்டு நிர்வாகத்துக்குத் தரும் விண்ணப்பமான படிவம் ‘ஐ’-யை 30 நாளுக்குள் கொடுக்கவேண்டும் என்பது விதி. ஆனால் தாமதமாகக் கொடுத்தார் என்பதற்காகவே உரிமை அழியாது. தாமதத்துக்கான காரணத்தை எழுதி, படிவத்தைப் பள்ளி முகவரிக்கு ஒப்புகையுடன் அஞ்சலில் அனுப்புங்கள். நேரில் கொடுத்து ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதி வாங்கலாம் என்று நம்பாதீர்கள். 15 நாளுக்குள் நிர்வாகம் ஏற்றோ மறுத்தோ பதில் தரவேண்டும். மறுத்தாலும் பேசாமல் இருந்தாலும் படிவம் ‘என்’-இல் தொழிலாளர் துறையின் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் செல்லுங்கள். அதற்கு 90 நாள் கெடு. தக்க காரணம் இருந்தால் அதையும் தளர்த்துவார்கள். அங்கே உத்தரவு உங்கள் பக்கம் வந்தால், தொகையைக் கட்டாமல் பள்ளி மேல்முறையீடு செய்ய முடியாது. உரிய நாளிலிருந்து ஆண்டுக்கு 10 சதவீதத் தனிவட்டியும் சேர்த்துக் கேளுங்கள்; 15 ஆண்டுக் கணக்குக்கு அது ஆண்டுக்கு ஏறத்தாழ 15,577 ரூபாய்.