புதுமைப் பெண் உதவித்தொகை வரவில்லை: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

குழுவினருக்கு வணக்கம். என் அக்கா மகள் அரசு கலைக் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள் என்பதால், 2022இல் அரசுப் பள்ளி மாணவியருக்காகத் தொடங்கப்பட்டுப் பின்னர் இத்தகைய பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்ட புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் பெறத் தகுதியுடையவள். விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகக் கல்லூரியில் சொல்கிறார்கள். ஆனால் நான்கு மாதமாகியும் வங்கிப் புத்தகத்தில் இருப்பது, கணக்குத் தொடங்கும்போது நாங்கள் கட்டிய 500 ரூபாய் என்ற ஒற்றை வரிதான்.

பள்ளிக் காலத்தில் வேறொரு வங்கியில் தொடங்கிய கணக்கும் அவளுக்கு உண்டு. ஆதார் அதனுடன் இணைந்திருந்து, பணம் அங்கே போகிறதோ என்று ஐயப்படுகிறேன். அந்தப் புத்தகமோ வீடு மாறியபோது தொலைந்துவிட்டது. மாற்றுச் சான்றிதழில் தலைப்பெழுத்து ஒன்று, ஆதாரில் இரண்டு என்பதும் உறுத்துகிறது.

கல்லூரிக் கட்டணம் எங்களுக்குப் பெரிய சுமையில்லை. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்தில் மட்டுமே. அவள் ஏறுவது புறநகர்ப் பேருந்து என்பதால் நாள்தோறும் போய்வர 46 ரூபாய் ஆகிறது, அதுதான் இடிக்கிறது.

ஆதார் எந்தக் கணக்குடன் இணைந்துள்ளது என்பதை எப்படிப் பார்ப்பது, இணைப்பை மாற்றினால் விடுபட்ட மாதங்களின் தொகையும் கிடைக்குமா, தலைப்பெழுத்தை எந்த ஆவணத்தில் முதலில் திருத்த வேண்டும் என்பவற்றை, இதே சிக்கலைக் கடந்து வந்த பெற்றோரோ, கல்லூரிகளில் இப்பணியைக் கவனிக்கும் ஆசிரியர்களோ தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.