உதவி: போட்டோ ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட 1954 இலங்கை 10 ரூபாய் நோட்டு – கிழியாமல் எடுப்பது எப்படி? மதிப்பு என்ன?

கோத்தகிரி பேரன்
வணக்கம். எங்கள் தாத்தா நுவரெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். 1972இல் தலைமன்னாரிலிருந்து ராமானுஜம் கப்பலில் குடும்பத்தோடு ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, அப்புறம் இங்கே டேன்டீ என்ற தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டத்தில் சேர்ந்தார். அவர் பத்திரமாக வைத்திருந்த ஒரே ஒரு இலங்கை நோட்டு இப்போது என் கையில் இருக்கிறது. பச்சை நிறம், பத்து ரூபாய், எலிசபெத் ராணி படம். தேதி 16 அக்டோபர் 1954 என்று அச்சாகியிருக்கிறது.

பிரச்சினை இதுதான். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் மாமா அதைப் போட்டோ ஆல்பத்தில் வைத்துவிட்டார். மேலே கண்ணாடி போல பிளாஸ்டிக் தாள், கீழே அட்டையில் கோடு கோடாகப் பசை இருக்குமே, அந்த வகை ஆல்பம். இப்போது நோட்டின் பின்பக்கம் முழுக்கப் பிடித்துக்கொண்டது. வலது மூலையை நகத்தால் லேசாகத் தூக்கினேன். தீக்குச்சித் தலை அளவுக்கு நோட்டின் நார் பிய்ந்து அட்டையிலேயே தங்கிவிட்டது. பயந்துபோய் விட்டுவிட்டேன்.

நெயில் பாலிஷ் ரிமூவர் தடவலாமா? எடுத்த பிறகு சுருக்கம் போக இஸ்திரி போடலாமா? மதிப்பும் தெரியவில்லை. ஊரில் பழைய நாணயம் வாங்கும் ஒருவர் 500 ரூபாய் தருகிறேன் என்றார். இணையத்தில் இதே நோட்டுக்கு ஒன்றரை லட்சம் போட்டிருக்கிறார்கள். எதை நம்புவது? வங்கியில் கொடுத்தால் மாற்றித் தருவார்களா?

நோட்டுப்பெட்டி
முதலில் ரிமூவரைத் தள்ளி வையுங்கள். அதிலிருக்கும் அசிட்டோன் பசையைக் கரைக்கும், உண்மைதான். ஆனால் கரைந்த பசை எங்கே போகும்? நோட்டு பருத்திப் பஞ்சில் செய்த தாள், அதற்குள்ளேதான் இறங்கும். மையும் கலங்கலாம். இஸ்திரியும் வேண்டாம். இந்தக் கால நோட்டுகளில் ராணி முகம், எழுத்து எல்லாம் செதுக்கிய தகட்டில் அழுத்தி அச்சடித்தவை, மை தாளுக்கு மேலே எழும்பி நிற்கும். விரல் நுனியால் தடவிப் பாருங்கள், சொரசொரப்பு தெரியும். இஸ்திரி போட்டால் அந்த மேடு படுத்துவிடும். தரம் பார்ப்பவர்கள் அதைச் சட்டென்று கண்டுபிடிப்பார்கள்.

மூலையில் நார் பிய்ந்த இடத்தை இனித் தொடாதீர்கள். அட்டையில் ஒட்டியிருக்கும் நாரையும் சுரண்டாதீர்கள்.

மலைக்காற்று
ஹேர் டிரையரை மெல்லிய சூட்டில் காட்டினால் பசை இளகிவிடும். எங்கள் வீட்டுக் கல்யாண போட்டோக்களை அப்படித்தான் எடுத்தேன்.

நோட்டுப்பெட்டி
போட்டோவுக்குச் சரி, மலைக்காற்று. இப்போதைய கலர் போட்டோத் தாளின் முதுகில் பிளாஸ்டிக் பூச்சு உண்டு, பசை உள்ளே போகாது. நோட்டுக்கு அந்தப் பூச்சு இல்லை. சூட்டில் இளகிய பசையைப் பஞ்சு உறிஞ்சிக்கொள்ளும், முன்பக்கத்தில் எண்ணெய்க் கறை போலத் தெரியும். அந்தக் கறையை வீட்டில் எடுக்க வழியில்லை.

நான் செய்வது குளிர் முறை. ராணி நோட்டில் கைவைக்கும் முன் அதே ஆல்பத்தில் ஒட்டியிருக்கும் வேண்டாத தாள் ஏதாவது ஒன்றில் செய்து பாருங்கள். நோட்டைச் சுற்றி இரண்டு விரல் இடம் விட்டு அட்டையை வெட்டி எடுங்கள். ஜிப் கவரில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடி, ஃப்ரீசரில் அரை மணி நேரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் நோட்டை வளைக்காமல் அட்டையை மட்டும் கீழ்நோக்கி வளையுங்கள். இதுதான் முக்கியம். இடைவெளி தெரிந்ததும் மெழுகு பூசாத பல் இடுக்கு நூலை (டென்டல் ஃப்ளாஸ்) உள்ளே விட்டு ரம்பம் இழுப்பது போல மெதுவாக இழுங்கள். பிடித்துக்கொண்டால் நிறுத்திவிட்டு மறுபடி ஃப்ரீசர். ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கோத்தகிரி மூடுபனியில் குளிர்ந்த நோட்டின் மேல் ஈரம் படியும், அதனால் மழை இல்லாத நாளில் மத்தியானத்தில் செய்யுங்கள். பிய்ந்த மூலையைக் கடைசியாக எடுங்கள்.

இன்னொன்று. பின்பக்கத்தில் பென்சிலாலோ பேனாவாலோ ஏதாவது எழுதியிருக்கலாம். பழைய ஆட்கள் நோட்டில் எழுதி வைப்பது வழக்கம். வெளியே வந்ததும் ரப்பர் போட்டு அழித்துவிடாதீர்கள்.

கண்டிவீதி
தம்பி, நான் யாழ்ப்பாணம். இந்தத் தாள்களை முப்பது வருஷமாகச் சேர்க்கிறேன். வரலாறு தெரிந்தால் விலை தானாக விளங்கும், அதால கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இலங்கை மத்திய வங்கி 1950 ஆகஸ்ட்டில் தொடங்கியது. முதல் தாள்கள் 1951 ஜனவரி 20 தேதியிட்டவை, ஒரு ரூபாயும் பத்து ரூபாயும் மட்டும்தான், இரண்டிலும் ஆறாம் ஜார்ஜ் மன்னர். நிதி அமைச்சராக ஜே.ஆர். ஜயவர்தனவும், முதல் ஆளுநராக இருந்த அமெரிக்கர் ஜான் எக்ஸ்டரும் கையெழுத்திட்டிருப்பார்கள். மன்னர் 1952இல் காலமானதும் ராணி படம் வந்தது. உங்களுடைய பத்து ரூபாயில் 1953 ஜூலை 1 தேதியிட்டதும் உண்டு, 1954 அக்டோபர் 16 தேதியிட்டதும் உண்டு. உங்களிடம் இருப்பது இரண்டாவது. எல்லாம் இங்கிலாந்தில் பிராட்பரி வில்கின்சன் அச்சகத்தில் அடித்தவை. 1956இல் பண்டாரநாயக்க அரசு வந்தபின் ராணி போய், அரசுச் சின்னம் போட்ட தாள்கள் வந்தன. ஆக ராணி இருந்தது சில வருஷம்தான். அதனால்தான் தேடுகிறார்கள்.

ஆனால் பத்து ரூபாய் அன்றைக்குப் புழங்கிய காசு. 50, 100 ரூபாய்த் தாள்கள் அப்படியல்ல. 1970இல் என்.எம். பெரேரா நிதி அமைச்சராக இருந்தபோது அவை இரண்டையும் செல்லாது என்று அறிவித்தார்கள். மக்கள் அவற்றை வங்கிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள். அதனால் நல்ல நிலையில் 100 ரூபாய் ராணித் தாள் கிடைப்பது அபூர்வம், பத்து ரூபாய் அவ்வளவு அபூர்வமில்லை. வங்கியில் கொடுப்பதை மறந்துவிடுங்கள். மாற்றித் தந்தாலும் கிடைப்பது பத்து இலங்கை ரூபாய்தானே!

ஒன்றரை லட்சம் என்பது விற்பவர் கேட்கும் விலை. யாரும் கொடுத்த விலை இல்லை. ஏலம் முடிந்த பட்டியல்களைப் பாருங்கள், அதே தேதி, அதே நிலை உள்ள தாள் கடைசியாக என்ன விலைக்குப் போனது என்று மூன்று நான்கு விற்பனைகளை எடுத்து ஒப்பிடுங்கள். அந்த 500ம் சரியான விலையாக எனக்குப் படவில்லை. தாளை வெளியே எடுக்காமலே விலை சொன்னவரிடம் விற்க அவசரப்பட வேண்டாம்.

நிலையை 70 புள்ளி அளவில் சொல்வார்கள். 60க்கு மேல் என்றால் கை படாத தாள். 20 முதல் 35 வரை புழங்கினாலும் நல்ல உடம்போடு இருக்கும் தாள், 12, 15 என்றால் நன்றாகவே புழங்கியது. உங்களுடையது மடிப்பு எத்தனை, ஊசித்துளை உண்டா, வெளிச்சத்தில் பிடித்தால் சிங்க உருவ நீர்க்குறி தெரிகிறதா என்று சொல்லுங்கள். மூலையில் நார் போனதால், தரம் பார்க்கும் நிறுவனம் தரும் தரச்சான்றில் பழுது என்று குறிப்பு வரும், அதை மறைக்க முடியாது.

தபால்தலை ரசிகன்
ஒரு எச்சரிக்கை. இணையத்தில் விற்பனைக்குப் போட்டதும் “நாங்கள் வாங்குகிறோம், முதலில் பதிவுக் கட்டணம், வரி கட்டுங்கள்” என்று அழைப்பு வரும். ரிசர்வ் வங்கியின் பெயரையே சொல்வார்கள். பழைய நோட்டு, நாணய வியாபாரத்தில் தங்களுக்குச் சம்பந்தமே இல்லை, யாருக்கும் கட்டணம் செலுத்தாதீர்கள் என்று ரிசர்வ் வங்கி 2021இல் அறிவிப்பே கொடுத்தது. ஒரு ரூபாய்கூட முன்பணம் கட்டாதீர்கள்.

கோத்தகிரி பேரன்
எல்லோருக்கும் நன்றி. நான்கு நாள் எடுத்துக்கொண்டேன். முதலில் ஆல்பத்தில் இருந்த பழைய பஸ் டிக்கெட் ஒன்றில் செய்து பார்த்தேன், முழுசாக வந்தது. அப்புறம் நோட்டு. மூன்று முறை ஃப்ரீசர். நூல் உள்ளே போகும்போது சர்… சர்… என்று ஒரு சத்தம் வரும், அது நின்றால் நானும் நிறுத்திவிடுவேன். நேற்று மத்தியானம் கடைசி மூலையும் விட்டது. புதிதாக எதுவும் கிழியவில்லை.

மடிப்பு: நடுவில் ஆழமாக ஒன்று, குறுக்கே ஒன்று. இடது பக்கம் ஊசித்துளை இரண்டு. வெளிச்சத்தில் சிங்கம் நன்றாகத் தெரிகிறது. பின்பக்கம் பசை மூன்று கோடாக மஞ்சள் படிந்திருக்கிறது.

நோட்டுப்பெட்டி அண்ணா சொன்னது போலவே பின்னால் பென்சில் எழுத்து இருந்தது. செல்லம்மா என்று ஒரு பெயர், மட்டும். அம்மாவிடம் காட்டினேன். அது அவருடைய அக்கா. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் தாத்தா குடும்பத்துக்கு இந்தியா கிடைத்தது, பெரியம்மாவும் பெரியப்பாவும் அங்கேயே பிரஜாவுரிமை பெற்று லயத்திலேயே (தோட்டத்து வரிசை வீட்டிலேயே) இருந்துவிட்டார்கள். பெரியம்மாவுக்குக் கொடுக்கத் தாத்தா எடுத்து வைத்த காசா, கப்பல் ஏறும்போது பெரியம்மா கொடுத்தனுப்பிய காசா என்று அம்மாவுக்கும் தெரியவில்லை.

பென்சில் எழுத்தால் விலை குறையுமா?

கண்டிவீதி
குறையும் தம்பி. ஊசித்துளை, மடிப்பு, மூலை, பசைக் கோடு எல்லாம் சேர்த்தால் 12 புள்ளிக்குப் பக்கத்தில் வரும், அதோடு பழுதுக் குறிப்பு. பென்சில் இல்லாவிட்டால் கொஞ்சம் கூட வரலாம். ஆனால் அழித்தால் தாளின் மேற்பரப்பு மெழுகு போலப் பளபளக்கும், அது பென்சிலைவிட மோசமாகத் தெரியும். இந்த நிலைக்குத் தரச்சான்று எடுக்கும் செலவு தேவையில்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் விற்கமாட்டேன்.

கோத்தகிரி பேரன்
விற்கவில்லை, அம்மா வேண்டாம் என்றுவிட்டார். எதில் வைப்பது? வீட்டில் பிளாஸ்டிக் கவர்கள் இருக்கின்றன.

நோட்டுப்பெட்டி
புது மழைக்கோட்டு வாசனை அடிக்கும் கவர் என்றால் அது பிவிசி, அதில் வைக்கவே கூடாது. நாளாக நாளாகக் கசிந்து நோட்டில் பிசுபிசுப்பு ஏறும். மைலார் (பாலியெஸ்டர் கவர்) என்று கேட்டு வாங்குங்கள். நோட்டைவிடச் சற்றுப் பெரிய அளவாக இருக்கட்டும், திணிக்கக் கூடாது. பசைக் கோடு இன்னும் ஒட்டினால் இரண்டு வாரம் சிலிகோன் பூசிய வெண்ணெய்த் தாளுக்கு நடுவில் வைத்துவிட்டு அப்புறம் கவரில் போடுங்கள். பீரோவில் வெளிச்சுவரை ஒட்டிய பக்கம் வேண்டாம், உங்கள் ஊர் ஈரத்துக்கு சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். மழைக்காலம் முடிந்ததும் அதை மாற்றிவிடுங்கள்.

கோத்தகிரி பேரன்
சரி அண்ணா. மைலார் கவர் இரண்டு சொல்லியிருக்கிறேன். ஒன்று நோட்டுக்கு, இன்னொன்று தாத்தாவின் கப்பல் டிக்கெட்டுக்கு. அதுவும் அதே ஆல்பத்தில்தான் ஒட்டியிருக்கிறது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆரம்பிக்கிறேன்.