சுறாவை அறுத்துக் காட்ட உதவி வேண்டும்

வணக்கம். தூத்துக்குடி பக்கம் எங்கள் ஊர் நூலக வாசலில், பிள்ளைகள் முன்னால் ஒரு பால் சுறாவை அறுத்து விளக்கப் போகிறேன். ஏலத்துக்கு வரும் மீன்தான், இதற்கென்று பிடிக்கவில்லை.

போன வாரம் வீட்டில் ஒன்றை அறுத்துப் பார்த்தேன். வாலிலிருந்து தலைப்பக்கம் தடவினால் தோல் உப்புத்தாள் மாதிரி உரசுகிறது. காற்றுப்பை இல்லாததால் மிதக்க உதவும் அந்த எண்ணெய் ஈரல், வயிற்றையே அடைத்துக்கொண்டு கிடந்தது. ஆனால் குடலுக்குள் இருக்கும் சுருள் மடிப்பைக் கிழித்துவிட்டேன். பிள்ளைகள் அவசியம் பார்க்க வேண்டியதே அதுதான்! எங்கே கத்தி வைத்தால் மடிப்பு முழுசாகத் தெரியும்?

அப்புறம், தொட்டுப் பார்க்கட்டும் என்று ஃபார்மலினைத் தவிர்க்கிறேன். வெறும் ஐஸில் வைத்தால் இந்த வெயிலுக்கு எவ்வளவு நேரம் தாங்கும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.