எது முக்கியம் என்று தெரிந்தும் நாள் வேறு பக்கம் போகிறது: பைக் ஓட்டுகிறவர்கள் சொல்லுங்களேன்

கேள்வி:
எனக்கு எது முக்கியம் என்பதில் குழப்பமே இல்லை. உடம்பு, மகளோடு இருக்கும் நேரம், பாதியில் நிற்கும் படிப்பு. ஆனால் காலையில் போனைத் திறந்ததும் யாருடைய அவசரமோ என் அவசரமாகிவிடுகிறது. பைக்கில் ஏறினால் மட்டும் இப்படி ஆவதில்லை. எதைப் பார்க்கணும், எதை விடணும் என்று மனசு தானாகவே பிரித்துக்கொள்கிறது. அந்தத் தெளிவை மற்ற நேரத்துக்கும் கொண்டுவர வழி உண்டா?

பதில் 1:
புதிதாகப் பழகுகிறவர்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். அங்கே அடிக்கடி பார்ப்பதைச் சொல்கிறேன்.

சாலையில் ஒரு குழி இருக்கும். சுற்றிலும் தாராளமாக இடம் கிடக்கும். ஆனாலும் பழகுகிறவர் நேராகக் குழியில்தான் இறக்குவார். விழுந்துவிடக் கூடாதே என்று அதையே பார்த்துக்கொண்டு வருவதுதான் காரணம். கண் போகிற பக்கம் தலையும் தோளும் திரும்பும், வண்டியும் அங்கேயே போகும். "குழியைப் பார்க்காதே" என்று கத்திப் பலனில்லை. "அதோ, அந்த வெள்ளைக் கோட்டைப் பார்" என்றால் தாண்டிவிடுவார். போனைத் தொடக் கூடாது என்று நினைக்கும்வரை உங்கள் கண்ணும் போனில்தான் இருக்கும். எழுந்ததும் கண்ணில் படுவது பாடப்புத்தகமாக இருக்கட்டும்.

இதைவிடப் பெரிய விஷயம் வளைவு. டயர் தரையைத் தொடும் இடம் உள்ளங்கை அளவுதான். பிரேக்குக்கும் வளைவதற்கும் அந்த ஒரே பிடிமானம்தான். முழுவதையும் பிரேக்குக்கே கொடுத்துவிட்டால் வளைய மிச்சமிருக்காது, டயர் வழுக்கிவிடும். அதனால்தான் வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைக்கச் சொல்கிறோம். அதிலும் வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்து நிற்க நாலு மடங்கு தூரம் வேண்டும். 30 கிலோமீட்டரில் போகும்போது தாராளமாகத் தெரிந்த இடம் 60-ல் போதவே போதாது.

மகளோடு உட்கார்ந்த பிறகு வேலையைத் தள்ளிவைக்கப் பார்ப்பது வளைவுக்குள் பிரேக் பிடிப்பது மாதிரி. "நாளைக்குப் பார்க்கிறேன்" என்ற வார்த்தையை மதியமே சொல்லியிருக்க வேண்டும். யாரும் அவசரப்படுத்தாத நேரத்தில் அதைச் சொல்வதும் சுலபம்.

பதில் 2:
நல்ல விளக்கம். ஆனால் எல்லா வளைவும் முன்கூட்டியே கண்ணுக்குத் தெரியாதே. என் அம்மா படுக்கையில் இருக்கிறார். இன்றைக்கு எது முதலில் என்பதைப் பல நாள் நான் தீர்மானிப்பதில்லை.

அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் குழுவினர் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981-ல் அறிக்கை வெளியிட்டார்கள். மோதலைத் தவிர்க்க ஓட்டுநருக்குப் பொதுவாகக் கிடைத்த நேரம் 2 விநாடிக்கும் குறைவு. அதற்குள் யோசித்து எதைச் செய்ய? முன்னால் போகிற வண்டிக்கும் நமக்கும் குறைந்தது 2 விநாடி இடைவெளி விடச் சொல்வது இதற்காகத்தான். 60-ல் போனால் அது சுமார் 33 மீட்டர். அதே மாதிரி, ஒரு நாளின் நேரம் முழுவதையும் வேலையால் நிரப்பிக்கொள்வதை நான் விட்டுவிட்டேன். மதியத்துக்குப் பின் ஒரு மணி நேரம் எதற்கும் ஒதுக்காமல் வைக்கிறேன். அம்மாவுக்கு முடியாமல் போனால் அந்த நேரம் அவருக்கு. இல்லையென்றால் எனக்கு.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. மதியமே சொல்லிவிடும் யோசனையை நாளைக்கே செய்து பார்க்கிறேன். ஒரு சந்தேகம். சாலையில் இடைவெளி விட்டால் உடனே இன்னொரு வண்டி நுழைந்துவிடுகிறது. ஆபீஸிலும் அதேதான், காலியான நேரம் தெரிந்தால் ஒரு மீட்டிங்கைப் போட்டுவிடுகிறார்கள்.

பதில் 1:
நுழையத்தான் செய்வார்கள் சகோ. கோபப்பட்டு ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் விட்டால் மறுபடி இடைவெளி கிடைத்துவிடும். ஆபீஸில் அந்த நேரத்தைக் காலியாகக் காட்டாமல் காலண்டரில் பெயர் போட்டு அடைத்துவையுங்கள். அப்படியும் மீட்டிங் வந்தால் போய்விட்டு வாங்க, ஆனால் அன்றைக்கே வேறொரு மணி நேரத்தை அடைத்துவிடுங்கள்.