கடல் காத்துல தக்காளிப் பூ கொட்டுமா?

(புதுச்சேரி, கடலூர் வீட்டுத் தோட்டக்காரங்க பேச்சு. பேசுறவங்க பேருக்குப் பதிலா அவங்கவங்க பகுதி.)

குருசுக்குப்பம்: "கடலோர வீட்டு பால்கனியில தக்காளி வைக்கிறது வீண், உப்புக் காத்து பட்டாலே பூ கொட்டிடும்"னு ரெட்டியார்பாளையம் அண்ணன் நேத்து எழுதியிருந்தார். படிச்சதுலேர்ந்து மனசு ஆறல. பூ கொட்டுறது சூட்டாலண்ணே. ராத்திரி வெப்பம் 24 டிகிரியைத் தாண்டினா தக்காளியில காய்ப்பிடிப்பு குறையும். சித்திரை, வைகாசியில புதுச்சேரி ராத்திரி எப்படி வேகும்னு உங்களுக்குத் தெரியாதா?

ரெட்டியார்பாளையம்: சூடு எங்களுக்கும்தான் தம்பி. கடலை விட்டுத் தள்ளி இருக்கிற எனக்குக் காய்க்குதே? ஜன்னல் கம்பியே துருப்பிடிச்சு உதிர்ற தெருவுல பூ மட்டும் நிக்குமா? உப்புதான்.

குருசுக்குப்பம்: கம்பியும் செடியும் ஒண்ணா? உப்பு தாக்கினா முதல்ல இலை ஓரம் கருகும். என் செடியில இலை பச்சையா இருக்கு, பூ மட்டும் கொட்டுது. அப்ப உப்பு எங்கேர்ந்து வந்துச்சு?

மஞ்சக்குப்பம்: தம்பி, தேங்காய் நார்க்கழிவுக் கட்டியை அலசாம போட்டீங்களா? அதுலயே உப்பு இருக்கும். ஊற வச்சு ரெண்டு மூணு தண்ணி மாத்திப் பிழிஞ்சாதான் செடிக்கு ஆகும். இங்க கடலூர்ல எங்க போர் தண்ணியும் உப்பு, தொட்டி விளிம்புல வெள்ளையா படியுது.

ரெட்டியார்பாளையம்: உப்புன்னு அக்காவே சொல்லிட்டாங்க. முடிஞ்சுது.

மஞ்சக்குப்பம்: காத்துன்னு நான் சொல்லவே இல்ல. என் பேச்சை உங்க பக்கம் இழுக்காதீங்க. தக்காளி வரலன்னா கத்திரி வைங்க. பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் எங்க மாவட்டத்துலதான் இருக்கு, அவங்க வெளியிட்ட பி.எல்.ஆர் 1 ரகக் கத்திரி வளர்ப்புப் பையிலயே நல்லா வரும்.

லாஸ்பேட்டை: கத்திரின்னதும் வயிறு எரியுது. போன ஆடிப்பட்டத்துக்கு நாட்டுக் கத்திரி விதைன்னு ரெட்டியார்பாளையம் கொடுத்தாரு. வளர்ந்து பார்த்தா சுண்டைக்காய்!

ரெட்டியார்பாளையம்: வாங்கின விதையெல்லாத்தையும் ஒரே டப்பாவுல கொட்டி வச்சது யாரு? உங்க தொட்டித் தண்ணி கீழ்வீட்டுத் துணியில சொட்டி சண்டை வந்த கதையையும் சொல்லுங்க.

லாஸ்பேட்டை: அதுக்குத் தட்டு வச்சாச்சு. சுண்டைக்காய்க்குப் பதில் சொல்லுங்க.

குருசுக்குப்பம்: சண்டையை அப்புறம் போடுங்க. ஐப்பசியில மழை படாம நாத்து விட்டு, கார்த்திகை கடைசியில பெரிய தொட்டிக்கு மாத்தினேன். மார்கழி, தையில பூத்தது அத்தனையும் காய். அப்ப அடிக்கிறது வாடைக் காத்து, வடகிழக்கேர்ந்து கடலைத் தாண்டித்தான் வருது. அதே பால்கனி, அதே கடல், குளிர்ந்த ராத்திரி மட்டும்தான் புதுசு. உப்பு தை மாசம் லீவுல போயிடுச்சாண்ணே? கோடையில மதியத்துக்கு மேல அந்தக் கடல் காத்து வந்துதான் சூடே தணியுது. அதைப் போய் திட்டுறீங்க.

ரெட்டியார்பாளையம்: 2011 டிசம்பர் 30 மறந்து போச்சா? தானே புயல்ல கடல் காத்து என்ன பண்ணுச்சு?

மஞ்சக்குப்பம்: அதை எங்க ஊர்க்காரங்க கிட்ட கேளுங்க. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோட சாய்ஞ்சது காத்தோட வேகத்துல. உப்பால இல்ல. அந்த நஷ்டத்தை உங்க தக்காளிக்கு சாட்சியாக்காதீங்க.

குருசுக்குப்பம்: இலை ஓரம் கருகி, கூடவே பூவும் கொட்டின செடி ஒண்ணு, ஒரே ஒரு படம் போடுங்கண்ணே. அது போதும்.

ரெட்டியார்பாளையம்: நீங்க கேட்டதும் படம் போட நான் உங்க வீட்டு வேலையாளா? உப்புதான்.

லாஸ்பேட்டை: சுண்டைக்காய்?