பாராலாக்: இணை மரபணுவா, பங்காளி மரபணுவா?

> ஆர்த்தோலாக் = நேர் மரபணு, பாராலாக் = இணை மரபணு என்று தமிழில் வைத்துக்கொள்ளலாமே. மூலச்சொல்லின் பொருளும் ஏறக்குறைய அதுதான்.

வணக்கம் ஐயா,

'நேர்' எனக்குச் சம்மதம், இனம் பிரிந்தபோது பிரிந்த மரபணுக்கள்தானே ஆர்த்தோலாக். 'இணை'யில்தான் இடிக்கிறது. இணை மரபணு என்றதும் வாசகர் ஜோடி என்று எடுத்துக்கொள்வார், ஒரு மரபணுவின் இரண்டு அல்லீல்களை, அதாவது தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வரும் வடிவங்களை நினைப்பார். பாராலாக் அது இல்லை, ஒரு மரபணு இரட்டித்ததால் பிரிந்தவை.

நான் இதில் மாட்டிக்கொண்டது கால்சிய சமிக்ஞை மரபணுக்களைச் செடிக்குச் செடி ஒப்பிட்டு எழுதும்போது. உப்போ வறட்சியோ உறைத்தால் செல்லுக்குள் கால்சியம் ஏறும். அந்த ஏற்றத்தை உணர்ந்து சொல்லும் குடும்பங்களில் ஒன்று சிபிஎல். ஆய்வகங்களில் அதிகம் ஆராயப்படும் சிறு செடியான அராபிடாப்சிஸில் 10, நெல்லிலும் 10. எண்ணிக்கை பொருந்துகிறதே, ஆளுக்கொரு ஜோடி சேர்த்துவிடலாம் என்று உட்கார்ந்தால் நடக்காது. சில கிளைகள் ஒரு செடியில் மட்டும் பெருகியிருக்கும். பெயரில் உள்ள எண்ணையும் நம்பக்கூடாது. கால்சியத்தை உணரும் இன்னொரு குடும்பமான சிடிபிகேயில் ஒவ்வொரு செடிக்கும் தனித்தனியாக எண் போட்டிருக்கிறார்கள்.

அராபிடாப்சிஸின் சிபிஎல்4, சிபிஎல்10 இரண்டையும் பாருங்கள். இரண்டும் சிஐபிகே24 என்ற ஒரே கைனேஸோடுதான் (மற்றப் புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டும் நொதி) சேர்கின்றன. உப்பைத் தாங்குவதுதான் இரண்டுக்கும் வேலை. ஆனால் சிபிஎல்4 பெரும்பாலும் வேரில், சிபிஎல்10 பெரும்பாலும் தண்டிலும் இலையிலும். பாட்டன் சொத்தில் ஆளுக்கொரு வயலை எடுத்துக்கொண்ட மாதிரி இல்லையா? அதைப் பார்த்துத்தான் 'பங்காளி மரபணு' என்று எழுதினேன்.

> பங்காளி பேச்சு வழக்கு. சண்டை, வாய்க்கால் தகராறு எல்லாம் நினைவுக்கு வரும். 'உடன்பிறப்பு மரபணு' கண்ணியமாக இருக்காதா?

கண்ணியமாகத்தான் இருக்கிறது. ஆனால் உடன்பிறப்பு என்றால் ஒரே வீட்டுக்குள், அதாவது ஒரே செடிக்குள் என்று படும். பரிணாம உயிரியலாளர் ஃபிட்ச் 1970இல் இந்த இரண்டு சொற்களையும் பிரித்தது மரபணு எங்கே இருக்கிறது என்பதை வைத்தல்ல, எப்படிப் பிரிந்தது என்பதை வைத்து. இனம் பிரிந்ததால் பிரிந்தவை ஆர்த்தோலாக். மரபணு இரட்டித்ததால் பிரிந்தவை பாராலாக். அப்படிப் பார்த்தால் நெல்லின் சிபிஎல்4-உம் அராபிடாப்சிஸின் சிபிஎல்10-உம் கூடப் பாராலாக்தான். பங்காளி ஊர் மாறிப் போனாலும் பங்காளிதானே! இந்த ஒரு காரணத்துக்காகவே அந்தச் சொல்லை விட மனசில்லை.

ஒரு குறை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். இரட்டித்த எல்லாமே வேலையைப் பங்கிட்டுக்கொள்வதில்லை. பல பிரதிகள் செத்துப்போகும், சில புது வேலை கற்றுக்கொள்ளும். சரி, பங்கு கேட்காத பங்காளியும் பங்காளிதான்.

'நேர்' பொருந்துவதற்கு ஓர் ஆய்வே இருக்கிறது. நெல்லின் சிபிஎல்4, சிஐபிகே24 இரண்டையும் அராபிடாப்சிஸின் கூட்டாளிகளோடு மாற்றி மாற்றிச் சேர்த்து ஈஸ்ட் செல்லில் வைத்தார்கள். அப்போதும் சோடியத்தை வெளியே தள்ளும் எஸ்ஓஎஸ்1 என்ற புரதம் முடுக்கம் பெற்றது. இத்தனை கோடி ஆண்டுகளுக்குப் பிறகும் நேருக்கு நேர் பொருந்துகிறது.

அப்புறம், ஹோமோலாக்குக்கு 'ஒத்த மரபணு' தயவுசெய்து வேண்டாம். ஒப்புமை வேறு, உறவு வேறு. "70 விழுக்காடு ஹோமோலாக்" என்ற தவறான பேச்சு அந்தக் குழப்பத்தில் பிறந்ததுதான். ஒரே மூலத்திலிருந்து வந்ததா, இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. 'ஒருமூல மரபணு' என்று வைத்திருக்கிறேன்.

> பங்காளிக்கு நான் பாதி இறங்கி வந்துவிட்டேன். ஆனால் கோதுமை? ஒரு நெல் மரபணுவுக்கு அங்கே பெரும்பாலும் மூன்று இருக்குமே. அவையும் பங்காளிகளா?

இல்லை ஐயா, அங்கேதான் நானும் திணறுகிறேன். ரொட்டிக் கோதுமையில் மூன்று புல்லினங்களின் மரபணுத் தொகுதிகள் கலப்பால் ஒன்றுசேர்ந்திருக்கின்றன. அந்த மூன்று பிரதிகளும் இரட்டித்துப் பிரிந்தவை அல்ல. இனம் பிரிந்தபோது பிரிந்து, பிறகு ஒரே கூரைக்குள் திரும்பி வந்த நேர் மரபணுக்கள். ஹோமியோலாக் என்கிறார்கள். வரைவில் 'கலப்பால் கூடிய நேர் மரபணு' என்று இழுத்து எழுதி வைத்திருக்கிறேன். சொல் இல்லை அது, வாக்கியம். 'கூடு மரபணு' என்று சுருக்கினால் பறவைக் கூடாகிவிடுகிறது. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.