பினாங்கு 3 நாள்: கிராப் செலவே சாப்பாட்டுக் காசை விழுங்குது, வழி சொல்லுங்க

கோவைக்காரன்:
அவசரம். வர்ற வெள்ளி கிளம்புறோம். ஆப்ல போட்டுப் பார்த்தா எங்க போனாலும் கிராப் டாக்ஸிக்கு 20, 25 ரிங்கிட் காட்டுது. பஸ்ஸை நம்பலாமா? மலிவா எங்க சாப்பிடலாம்?

ஜெட்டிவாசி:
ரூம் எங்க போட்டிருக்கீங்க? எத்தனை பேரு? சைவமா அசைவமா? இது தெரியாம என்ன சொல்றது?

தோசைக்கல்:
எத்தனை மணிக்கு இறங்குறீங்கன்னும் சொல்லுங்க.

பழையமுத்து:
மாசத்துக்கு நாலு பேர் இதே கேள்வியோட வர்றாங்க. வரைபடத்தை ஒருதரம் திறந்து பார்த்துட்டுக் கேட்டா நல்லது. ஆளுக்கு ஆள் கிராப்பைத் திட்டுறீங்க, ரூம் எங்கன்னு மட்டும் சொல்ல மாட்டீங்க.

கோவைக்காரன்:
மன்னிக்கணும். ரூம் பத்து பெரிங்கி கடற்கரைல, 4 பேர், அம்மா மட்டும் சைவம். காலை 8:30 வாக்குல இறங்குவோம்.

பழையமுத்து:
நினைச்சேன். கடற்கரைக்கு ஆசைப்பட்டு ஊரை விட்டுத் தள்ளிப் போட்டிருக்கீங்க. மலிவுச் சாப்பாடு எல்லாம் ஜார்ஜ் டவுன்ல, அதான் பினாங்கு நகரம்.

ஜெட்டிவாசி:
அவர் சொன்ன விதத்தை விடுங்க, விஷயம் சரி. ரத்து செய்ய முடிஞ்சா 2 ராத்திரியை ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியா பக்கம் மாத்துங்க. அங்க பாதி இடம் நடந்தே போகலாம். ஜெட்டிக்கும் (படகுத்துறை) கொம்தாருக்கும் (நகர நடுவுல இருக்குற கோபுரக் கட்டடம், பஸ் நிலையம்) நடுவுல சுத்துற கேட் (CAT) பஸ் இலவசம்.

முடியலைன்னா 101ஆம் நம்பர் பஸ் எடுங்க. ஜெட்டி, கொம்தார், கர்னி, பத்து பெரிங்கி, தெலுக் பகாங் வரைக்கும் போகும். ஏறும்போதே இறங்குற இடத்தை டிரைவர்கிட்ட சொல்லணும், கட்டணம் தூரத்தைப் பொறுத்து. குறைஞ்சது 1.40 வெள்ளி (ரிங்கிட்டைத்தான் இங்க வெள்ளிம்போம்), கொம்தார்ல இருந்து பத்து பெரிங்கிக்கு 3 வெள்ளிக்குள்ள. பஸ் உண்டியல்ல போட்ட காசுக்குச் சில்லறை திரும்ப வராது. அதனால விமான நிலையத்துலயே ஏதாவது சின்னதா வாங்கி 1 வெள்ளி நோட்டும் 10, 20, 50 காசும் சேத்துக்குங்க. 50 வெள்ளி நோட்டோட பஸ்ல ஏறித் தவிக்கிறவங்கதான் அதிகம்.

தோசைக்கல்:
விமான நிலையத்துல இருந்து 401இ பஸ் பிடிச்சு கொம்தார்ல இறங்கி 101 மாறினா வேலை முடிஞ்சது. கிராப்பே வேண்டாம்.

ஜெட்டிவாசி:
பெட்டியோட 4 பேருக்கு அது சரிவராது அண்ணே. பெரிய பெட்டி வைக்க பஸ்ல இடமில்ல, ரெண்டு பஸ்ஸும் சேந்து 2 மணி நேரம் ஓடிடும். வர்ற அன்னிக்கும் போற அன்னிக்கும் கிராப், நடுவுல பஸ். சாயங்காலம் 5லிருந்து 7 வரைக்கும், மழை நேரத்துலயும் கிராப் விலை ஏறும், அப்ப மட்டும் தவிர்த்தா போதும்.

கறிவேப்பிலை:
சாப்பாட்டுக்கு: காலைல மாமாக் கடையில (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) ரொட்டி சானாய்னு பரோட்டா, தே தாரிக்னு ஆத்தின பால் டீ. அங்காடிக் கடைல முதல்ல மேசையைப் பிடிச்சு மேசை நம்பரைப் பாத்துட்டு ஆர்டர் சொல்லுங்க. கொண்டு வந்து வச்சதும் காசு. டீ, ஜூஸுக்கு வேற ஆள் வருவாரு. சில இடத்துல எதுவும் குடிக்கலைன்னா மேசைக்குக் காசு கேப்பாங்க. நாசி கண்டார்ல (சோத்து மேல கறி, குழம்பு ஊத்தித் தர்ற கடை) சோறு, கோழி, ஒரு காய்னா அடக்கமா முடியும். பெரிய இறால், மீன் முட்டையைக் கை காட்டுறதுக்கு முன்ன விலை கேளுங்க, இல்லைன்னா பில் ஏறுனது கல்லாவுலதான் தெரியும்.

தோசைக்கல்:
நாசி கண்டார்ல கோஸ், வெண்டைக்காய் இருக்குமே. அம்மாவுக்கும் அதுவே ஆச்சு.

கறிவேப்பிலை:
ஆகாது. காய் சைவமா இருந்தாலும் ஒரே கரண்டி, மேல ஊத்துறது கோழியும் மீனும் கலந்த குழம்பு.

தோசைக்கல்:
‘குவா ஆசிங்’னு சொன்னா குழம்பைத் தனியா தருவாங்க.

கறிவேப்பிலை:
தனியா தந்தாலும் அது அதே கலப்புக் குழம்புதான். கரண்டியும் அதேதான். ஒருத்தரோட அம்மா சாப்பிடப் போறாங்க, ‘ஆச்சு’ன்னு சொல்லாதீங்க.

பழையமுத்து:
நாசி கண்டாருக்குக் குழம்பைக் கலந்து ஊத்தினாத்தான் ருசி. தனியா கேக்குறவங்க வேற கடைக்குப் போகலாம்.

ஜெட்டிவாசி:
கேள்வி அது இல்லையே சார். அம்மாவுக்கு லிட்டில் இந்தியாவுல சைவ உணவகத்துல வாழையிலைச் சாப்பாடு, தோசை. சீன சைவக் கடையும் மலிவு. முட்டை சேக்குறாங்களான்னு மட்டும் கேளுங்க. ஆசாம் லக்சாங்கிற புளி நூடுல்ஸ்ல மீன், பசெம்பூர்ங்கிற சாலட்ல இறால் வடை. ரெண்டும் அவங்களுக்கு வேண்டாம். செண்டோல் (தேங்காய்ப்பால், வெல்லம் சேத்த ஐஸ் இனிப்பு) தாராளமா தரலாம்.

கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) 204ஆம் நம்பர் பஸ், மலை ரயிலோட கீழ் நிலையத்துலயே நிக்கும். வெளிநாட்டவருக்கு ரயில் சீட்டு 30 வெள்ளி, அதைக் கணக்குல வைங்க. காலை 8க்குள்ள போனா வரிசை குறைவு. வழியில ஆயர் ஈத்தாம்ல இறங்கி கெக் லோக் சி புத்தர் கோயிலைப் பாத்துடலாம். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 10ஆம் நம்பர் பஸ். 513 படி, வெயில் ஏறும் முன்ன ஏறுங்க.

கறிவேப்பிலை:
எம்டிஏசி (MDAC), அதான் மலேசியாவோட இணைய வருகைப் பதிவு, போட்டாச்சா? இறங்குறதுக்கு 3 நாளைக்குள்ள அரசு தளத்துல இலவசமா போடணும். காசு கேக்குற தளம் வேற யாரோடதோ.

கோவைக்காரன்:
எம்டிஏசி இப்பதான் போட்டேன். 2 ராத்திரி ஜார்ஜ் டவுனுக்கு மாத்தியாச்சு, கடைசி ராத்திரி மட்டும் பத்து பெரிங்கி. நன்றி.

தோசைக்கல்:
ஜார்ஜ் டவுன்ல எந்தத் தெரு?